காலிக் கல்வெட்டும் கண்டிச் சிம்மாசனமும்: அருங்காட்சியகப் பொருள்களில் ஒரு நாட்டைப் படிப்பது எப்படி?

இலங்கையின் தென்கோடியில் உள்ள காலி நகரில், 1911ஆம் ஆண்டு, ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்த பலகைக் கல் ஒன்று அரசாங்கப் பொறியாளர் ஒருவர் கண்ணில் பட்டது. ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த உயரம், இரண்டரை அடி அகலம். உச்சி வளைந்திருந்தது; அதில் இரண்டு டிராகன்கள் எதிரெதிரே செதுக்கப்பட்டிருந்தன. அவற்றின் கீழே மூன்று மொழிகளில் எழுத்து. வலப்பக்கம் மேலிருந்து கீழாகச் சீனம். இடப்பக்கம் மேற்பாதியில் தமிழ், கீழ்ப்பாதியில் பாரசீகம். இன்று அந்தக் கல் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஒரு நாட்டின் வரலாற்றைப் பொருள்களின் வழியே படிக்கத் தொடங்குகிற எவருக்கும் நான் முதலில் காட்ட விரும்புவது இதைத்தான்.

கல்லில் உள்ள ஆண்டு 1409. சீனத்தின் மிங் பேரரசர் யோங்லே அனுப்பிய பெரும் கப்பற்படையின் தளபதி செங் ஹே கொண்டுவந்து நாட்டியது. சீனப் பகுதி புத்தருக்குச் செலுத்திய காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது: பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டுச் சுருள்கள், தூபக் கலங்கள், நறுமண எண்ணெய். தமிழ்ப் பகுதியில் ஏறத்தாழ அதே பட்டியல். ஆனால் காணிக்கை பெறுபவர் தெனாவரை நாயனார், அதாவது தென்முனையில் இன்று தெவிநுவர எனப்படும் ஊரில் கோயில் கொண்டிருந்த திருமால். பாரசீகப் பகுதி மிகவும் தேய்ந்துவிட்டது. படிக்க முடிகிற அளவில் அது அல்லாஹ்வையும் இஸ்லாமியப் பெரியோரையும் போற்றுகிறது. ஒரே பேரரசர், ஒரே நாள், மூன்று தெய்வ மரபுகள், மூன்று மொழிகள். காணிக்கையில் எவருக்கும் குறை வைக்கவில்லை.

இதைக் கேட்டதும் மனம் உடனே ஒரு முடிவுக்குத் தாவும். தமிழ் வாசகர்களாகிய நமக்கு அந்தத் தாவல் இன்னும் எளிது: "பாருங்கள், அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே தெற்கிலும் தமிழ்!" சற்றுப் பொறுப்போம். கல் சொல்வது என்ன? பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கடற்கரையில் காரியம் சாதிக்க வேண்டுமானால் தமிழும் பாரசீகமும் தேவை என்று ஒரு சீனக் கப்பற்படை கணித்திருந்தது. அவை இந்தியப் பெருங்கடல் வணிகர்களின் மொழிகள். நாட்டின் பெரும்பான்மையோர் பேசிய சிங்களம் கல்லில் இல்லை. அதனால் சிங்களம் அங்கே இல்லாமற்போய்விடவில்லை; தமிழர் காலியை ஆண்டதற்கும் இது சான்றாகிவிடாது. வந்தவர் யாரோடு பேச விரும்பினாரோ அவர்களுடைய மொழிகள் இருக்கின்றன. துறைமுகம் எப்படிப்பட்டது என்பதற்கு இது முதல்தரமான சான்று. நாட்டின் உட்பகுதி எப்படி இருந்தது என்று இதனிடம் கேட்டால் பதில் கிடைக்காது.

கல் மறைப்பதையும் பார்க்க வேண்டும். இந்தக் காணிக்கைகளைக் கொண்டுவந்த அதே பயணத்தில் செங் ஹேயின் படை இலங்கை ஆட்சியாளர் அழகேஸ்வரனோடு மோதி, அவரைச் சிறைபிடித்துச் சீனத் தலைநகருக்குக் கொண்டுபோனது. அதைப் பற்றி ஒரு சொல்லும் கல்லில் இல்லை. இருக்கவும் முடியாது, கல் வெட்டப்பட்ட பிறகுதான் அந்தப் போர் நடந்தது. காணிக்கை பெற்ற கோயிலும் இன்று இல்லை. 1588இல் போர்த்துக்கீசியப் படை அதை இடித்துத் தரைமட்டமாக்கியது. 1344இல் அவ்வூருக்கு வந்த இபன் பதூதா அங்கிருந்த பெரிய தெய்வத் திருமேனியைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். பயணியின் குறிப்பு ஒன்று, மதகடியில் கிடந்த கல் ஒன்று. மறைந்துபோன ஒரு பெருங்கோயிலை நாம் இப்படித்தான் அறிகிறோம்.

இப்போது கருத்துக்கு வருவோம். ஏடுகளும் கல்வெட்டுகளும் சொல்வதை மட்டும் நம்பாமல், மனிதர் செய்த, பயன்படுத்திய, கைமாற்றிய பொருள்களையே சாட்சிகளாக விசாரித்து வரலாற்றை அறிவதைப் பொருள்சார் வரலாறு என்கிறார்கள். நம் வீடுகளில் இது புதிதில்லை. பரணில் இருக்கும் பித்தளை அண்டாவில் ஒரு பெயரும் ஊரும் ஆண்டும் வெட்டியிருக்கும். அதைச் செய்த கன்னாரின் கைத்திறம் ஒன்று. அதைச் சீராகக் கொடுத்த தாய்மாமன் யார் என்பது வேறொன்று. அது எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எந்தப் பிரிவினைக்குப் பிறகு யார் பங்காக வந்தது என்பது மற்றொன்று. பாத்திரம் ஒன்றுதான். அதை ஒழுங்காக விசாரித்தால் குடும்பத்தின் பாதிக் கதை வெளியே வரும். அருங்காட்சியகத்தில் நாம் செய்ய வேண்டியதும் அதே விசாரணைதான்.

யார் செய்தது, யாருக்காக? எந்த மண்ணில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தது? யார் யார் கைவழியே இந்தக் கண்ணாடிப் பேழைக்கு வந்து சேர்ந்தது? இதைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று எப்போது, யார் தீர்மானித்தார்கள்? புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். "ஒன்பதாம் நூற்றாண்டு, வெண்கலம், புத்தர்" என்று படித்துவிட்டு அடுத்த பேழைக்கு நகர்ந்துவிடுகிறார்கள். என் அனுபவத்தில் மூன்றாவது கேள்விதான் அதிகம் பேசும்.

அதற்குக் கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ள கண்டிச் சிம்மாசனத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. மரத்தால் செய்து பொன்தகடு போர்த்திய இருக்கை. கைப்பிடிகள் சிங்க உருவங்கள். முதுகின் உச்சியில் சூரியன். சிங்கமும் சூரியனும் கண்டி அரச மரபின் சின்னங்கள். ஆகவே இது சிங்கள அரசின் தூய அடையாளம் என்று பார்த்தவுடன் தோன்றும். ஆனால் இது 1693இல் கண்டி மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு டச்சு ஆளுநர் தோமஸ் வான் ரீ கொடுத்த பரிசு. கடற்கரையின் பெரும்பகுதியைக் கையில் வைத்துக்கொண்டு இலவங்கப்பட்டை வணிகத்தில் கொழித்த ஓர் ஐரோப்பிய நிறுவனம், மலைநாட்டு மன்னரின் மனம் கோணாமல் இருக்க அனுப்பிய இருக்கை அது.

அடுத்து அதில் அமர்ந்தவர்களைப் பாருங்கள். 1739இல் கண்டியின் பழைய அரசமரபில் ஆண் வாரிசு இல்லாமற்போக, அரசியின் உடன்பிறந்தவர் அரியணை ஏறினார். அவர் மதுரை நாயக்கர் உறவில் வந்தவர். அன்றிலிருந்து 1815 வரை கண்டியை ஆண்ட நான்கு மன்னர்களும் அந்த வழியினரே. அவர்களில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், 1753இல், சயாம் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்து, இலங்கையில் அற்றுப்போயிருந்த பௌத்தத் துறவுநிலை ஏற்பு மீண்டும் நிலைநாட்டப்பட்டது. இன்றும் இலங்கையின் பெரிய பௌத்தத் துறவு மரபு சயாம் நிக்காயம்தான். சைவக் குடும்பச் சூழலில் பிறந்து பௌத்த அரசராக வாழ்ந்த ஒருவர், அந்நாட்டுப் பௌத்தத்துக்கு மறுவாழ்வு தந்திருக்கிறார். இந்த ஒரு செய்தியைப் பள்ளிக்கூடத்தில் இரு மொழிப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரிச் சொல்லிக்கொடுத்தால் எவ்வளவோ நன்மை உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பிப்ரவரியில் ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். அவர் வேலூர்க் கோட்டைக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருடைய கல்லறை இருக்கிறது. சிம்மாசனம் இங்கிலாந்துக்குப் போய் வின்சர் கோட்டையில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. 1934இல் ஆங்கில அரசரின் மகன் குளோஸ்டர் கோமகன் அதைத் திருப்பிக் கொண்டுவந்து ஒப்படைத்தார். அப்போதும் இலங்கை ஆங்கிலேயர் ஆட்சியில்தான் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. திருப்பித் தருவதும் ஆட்சியாளரின் அரசியல் செயலே.

அதே 1815இல் கண்டி மன்னரின் சிங்கக் கொடியும் இலண்டனுக்குப் போனது. அங்கே செல்சி மருத்துவமனையில் போர்க் கோப்பைகளோடு தொங்கிக்கொண்டிருந்ததை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை வழக்கறிஞர் ஈ. டபிள்யூ. பெரேரா அடையாளம் கண்டு தன் நாட்டு மக்களுக்குத் தெரிவித்தார். 1948இல் விடுதலை நாளில் ஏற்றப்பட்டது அந்தச் சிங்கக் கொடியின் வடிவமே. அது யாருடைய கொடி என்ற விவாதம் எழுந்து, தமிழருக்கும் முஸ்லிம்களுக்குமாக இரண்டு நிறப் பட்டைகள் 1951இல் சேர்க்கப்பட்டன. நாயக்க மன்னர் ஒருவரின் போர்க்கொடி, பகைவரின் சேமிப்பிலிருந்து மீண்டு, ஒரு புதிய நாட்டின் அடையாளமாகி, உடனே அந்த நாட்டில் யார் யார் அடக்கம் என்ற சச்சரவுக்கும் இடமாகிவிட்டது. பொருள்கள் அடையாளத்தைக் காட்டுவதோடு நிற்பதில்லை. அதை உருவாக்கவும் செய்கின்றன என்று அறிஞர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

நாடு என்பது பொருளைவிட இளையது என்பதையும் தொடக்கத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நாலாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட மொகஞ்சதாரோ மணிமாலை ஒன்றை 1947 பிரிவினைக்குப் பின் இந்தியாவும் பாகிஸ்தானும் அறுத்து ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டன. மாலையைக் கோத்தவருக்கு இரண்டு நாடுகளுமே தெரியாது.

பொலன்னறுவைச் செப்புத் திருமேனிகளிலும் இதே சிக்கல். சோழர் 993ஆம் ஆண்டளவில் வட இலங்கையை வென்று பொலன்னறுவையைத் தலைநகராக்கினார்கள். 1070இல் முதலாம் விஜயபாகு அவர்களை விரட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூர்ச் சிவன் கோயில்களைத் தோண்டியபோது நடராசர், நாயன்மார் உள்ளிட்ட திருமேனிகள் கிடைத்தன. அவற்றில் காரைக்கால் அம்மையார் திருமேனி ஒன்று உண்டு. அதன் முன் சிறிது நேரம் நில்லுங்கள். வற்றிய மார்பு, துருத்திய எலும்பு, கையில் தாளம். ஆனால் முகத்தில் துன்பம் இல்லை. ஆடுகிறவனுக்குத் தாளம் போடுகிற மகிழ்ச்சியே இருக்கிறது. பேய் வடிவம் வேண்டிப் பெற்ற ஒரு பெண்ணை, கடலுக்கு அப்பால் ஒரு பௌத்தத் தலைநகரில், இவ்வளவு அன்போடு வார்த்திருக்கிறார்கள். இவை தமிழ்நாட்டில் வார்க்கப்பட்டு வந்தவையா, இலங்கையிலேயே செய்யப்பட்டவையா என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் வாதிட்டிருக்கிறார்கள். திருமேனிகளில் பல, சோழர் ஆட்சி முடிந்த பிந்திய காலத்தவை என்போரும் உண்டு. அது சரியானால், படைகள் போன பிறகும் பூசை நடந்திருக்கிறது. பொலன்னறுவைச் சிங்கள மன்னர்களின் நிழலில் சிவன் கோயில்கள் வாழ்ந்திருக்கின்றன. படையெடுப்பின் சின்னம் என்று படித்தால் ஒரு வரலாறு. கூடிவாழ்ந்ததன் சின்னம் என்று படித்தால் வேறொரு வரலாறு. எதைப் படிப்பது என்பதை நம் ஆசை தீர்மானிக்கக் கூடாது. காலக் கணிப்பு தீர்மானிக்க வேண்டும்.

எந்த மண்ணில் கிடைத்தது என்ற கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு யாழ்ப்பாணம் ஆனைக்கோட்டை முத்திரை போதும். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அங்கே பெருங்கற்கால ஈமக்குழி ஒன்றை அகழ்ந்தபோது கிடைத்த சிறிய முத்திரை அது. மேல் வரியில் குறியீடுகள், கீழ் வரியில் பிராமி எழுத்துகள். தலைவன் அல்லது அரசன் என்ற பொருள்பட அதைப் படித்திருக்கிறார்கள். வாசிப்பில் கருத்து வேறுபாடுகள் உண்டு. இதே முத்திரை ஒரு பழம்பொருள் கடையில் கிடைத்திருந்தால் பழைய சிறு பொருள் என்பதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை. ஒரு குறிப்பிட்ட குழியில், எலும்புக்கூட்டோடும் மட்கலங்களோடும் கிடைத்ததால்தான், யாழ்ப்பாணத் தீபகற்பத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தறிந்த ஒரு சமூகம் வாழ்ந்தது என்று சொல்ல முடிகிறது. புதையல் தேடிகள் ஓர் இடத்தைக் கிளறும்போது பொருள் மட்டும் களவு போவதில்லை. அதன் வாக்குமூலமும் போகிறது.

இலங்கையின் மிகச் சிறந்த சிற்பங்களில் ஒன்றைப் பார்க்க இலண்டனுக்குப் போக வேண்டும். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையிலான கிழக்குக் கரையில் கிடைத்த, பொன்முலாம் பூசிய தாரா தேவி, பிரித்தானிய அருங்காட்சியகத்தில் நிற்கிறாள். எட்டாம் நூற்றாண்டு, 143 சென்டிமீட்டர் உயரம். ஆளுநர் ரொபர்ட் பிரவுன்ரிக் வசமிருந்து 1830இல் அங்கே சேர்ந்தது. கண்டியைப் பிடித்த ஆளுநரும் அவரே. இத்தகைய பொருள்களின் விளக்க அட்டைகளில் "கண்டெடுக்கப்பட்டது", "அன்பளிப்பு" போன்ற வரிகள் வரும்போது ஒரு கணம் நிறுத்தி, யார் எடுத்தார், யாரிடமிருந்து எடுத்தார் என்று கேட்டுப் பழகுங்கள்.

சில திரும்பியும் வருகின்றன. 1765இல் டச்சுப் படை கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது வெள்ளியும் பொன்னும் மாணிக்கமும் பதித்த சிறு பீரங்கி ஒன்றை எடுத்துப்போனது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்த அதையும், வாள்கள், துப்பாக்கிகள் உள்ளிட்ட மேலும் ஐந்து பொருள்களையும் நெதர்லாந்து 2023இல் இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தது. பொருள் வந்த வழியை இரு நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து தேடிக் கண்டறிந்ததன் பலன் அது. மூன்றாவது கேள்வியை விடாமல் கேட்டதற்குக் கிடைத்த பதில் என்றும் சொல்லலாம்.

அருங்காட்சியகக் கட்டடத்தையும் விசாரணையிலிருந்து விட்டுவிடக் கூடாது. கொழும்பு அருங்காட்சியகம் 1877இல் ஆங்கிலேய ஆளுநர் வில்லியம் கிரகரியால் திறக்கப்பட்டது. வரைபடம் ஜேம்ஸ் ஸ்மித்தர். கட்டியவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார் என்ற முஸ்லிம் கட்டட ஒப்பந்தக்காரர். வெள்ளை வெளேரென்று ஐரோப்பிய பாணியில் நிற்கிறது. அனுராதபுரம், பொலன்னறுவை என்று பழைய தலைநகரங்களின் பெருமையை முதன்மைப்படுத்தும் வரிசை, ஆங்கிலேயர் காலத்து ஆர்வங்களிலிருந்து வளர்ந்த ஒன்று. அரசர், கோயில், விகாரை, போர் என்று அது அழகாகப் பேசும். உழுதவர், நெய்தவர், மீன்பிடித்தவர் வரும்போது குரல் தணிந்துவிடும்.

இந்தக் குறை தோட்டத் தொழிலாளர் விஷயத்தில் மிகவும் உறுத்துகிறது. கண்டிக்கு அருகே ஹந்தானையில் பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. உருட்டும் இயந்திரங்கள், உலர்த்திகள், முன்னோடித் தோட்ட துரைமார்களின் நினைவுகள் எல்லாம் உண்டு. இலையைக் கொய்த கைகளைத்தான் தேட வேண்டியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் கழுத்தில், எந்தத் தோட்டத்துக்கு எத்தனையாவது ஆள் என்று எண் பொறித்த சிறு தகர வில்லையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். வழியில் யாரும் எண்ணிப்பார்த்துக்கொள்ளலாம், பெயர் தேவையில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியபோது, அவர்கள் இந்நாட்டவரே என்று காட்ட ஆவணம் கேட்டார்கள். கழுத்தில் எண்ணைக் கட்டிக் கொண்டுவந்த நாடுதான் பிறகு பிறப்புச் சான்று கேட்டது. இலங்கையின் அடையாளத்தைப் பற்றிப் பேச விரும்புகிறவர்களுக்குக் கண்டிச் சிம்மாசனம் எவ்வளவு தேவையோ, அந்தத் தகர வில்லையும் அவ்வளவு தேவை.

நல்ல வேளையாக, கம்பளைப் பக்கத்தில் தொழிலாளர் குடியிருந்த ஒரு பழைய லயன் அறை வரிசையையே தொழிலாளர் அருங்காட்சியகமாக மாற்றி வைத்திருக்கிறார்கள். கொழுந்துக் கூடை, தகரப் பெட்டி, அம்மி, விளக்கு, தப்பு போன்றவற்றுக்கு அங்கேதான் உரிய இடம் கிடைக்கிறது.

அழிந்தவற்றின் கணக்கும் வரலாற்றில் சேரும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் மீட்க முடியாத ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. நூலகக் கட்டடம் மீண்டும் எழுந்துவிட்டது. ஒரே படியாக இருந்த ஏடுகளில் என்ன எழுதியிருந்தது என்பதை இனி எவரிடமும் கேட்க முடியாது.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. முதல் முறை போகும்போது எல்லாக் கூடங்களையும் சுற்றிவர முயல வேண்டாம். கால் வலிதான் மிஞ்சும். ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அதன் முன் அரை மணி நேரம் செலவிடுங்கள். முதலில் விளக்க அட்டையைப் படிக்காமல் பாருங்கள்: எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே ஒட்டுப்போட்டிருக்கிறது, பின்புறம் எப்படி இருக்கிறது. காலிக் கல்லில் பாரசீகம் மட்டும் ஏன் அவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வியந்துவிட்டு அப்புறம் அட்டைக்கு வாருங்கள். அட்டை சொல்லாததைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு அதே விசாரணையை வீட்டிலும் நடத்துங்கள். பாட்டியின் தகரப் பெட்டி, பழைய கடவுச்சீட்டு, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, கடல் கடந்து வந்த ஒரு குத்துவிளக்கு என்று எது இருந்தாலும் படம் எடுத்து, யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு, யார் கைவழியே வந்தது என்பதை ஒரு தாளில் எழுதி அந்தப் பொருளோடேயே வைத்துவிடுங்கள். விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே, அவர்கள் சொல்கிறபடியே எழுதுங்கள். சந்தேகமானதைச் சந்தேகம் என்றே குறியுங்கள்.